ஒரு தோட்டாவுக்கு போலீஸ் ஸ்டேஷன்! ஒழுங்காக வந்த துப்பாக்கிக்கு அலைச்சல்!

போன மாதம் ஒருநாள் விடியற்காலை. திரிசூலம் ஸ்டேஷனில் முதல் ரயிலுக்கு இறங்கி மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போனேன். தங்கக் கடத்தல் ஏதாவது சிக்குமா என்று பார்க்கத்தான்.

தங்கம் சிக்கவில்லை. ஒரு தோட்டா சிக்கியது!

யாரிடம்? கொள்ளைக்காரனிடமா, கூலிப்படையிடமா? இல்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம். ரிட்டையர்டு குமாஸ்தா. நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை, பக்கத்தில் மனைவி. மும்பையில் மகளுக்குப் பிரசவம். மனைவி பிரசவ லேகியம் கிளறி டப்பாவில் அடைத்து எடுத்து வந்திருக்கிறார். வாழ்க்கையில் இரண்டாவது தடவை விமானம்.

எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போன தோள்பை வெளியே வரவில்லை. பெல்ட் நின்றது. காவலர் ஒருவர் திரையை உற்றுப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். பிறகு மூன்றாவது ஆளும் வந்தார்.

"பெரியவரே, இந்தப் பை உங்களோடதா?"

"ஆமாங்க."

"நீங்கதான் அடுக்கினீங்களா?"

"ஆமாங்க. நானும் வீட்டுல இவங்களும்தான்."

லேகியத்தைத்தான் ஏதோ குற்றம் சொல்லுகிறார்கள் என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். "சுக்கு, திப்பிலி, வெல்லம்தாங்க, வேற ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பையின் உள்பக்கத் துணி கிழிந்த இடத்தில் விரலை விட்டு அவர்கள் எடுத்தது சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு கைத்துப்பாக்கித் தோட்டா. நிஜத் தோட்டா.

பை யாருடையது? மச்சானுடையது. மச்சான் பட்டாளத்தில் இருந்து வந்தவர். கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. ஊருக்குப் போக நல்ல பை இல்லையே என்று முதல்நாள் ராத்திரி இரவல் வாங்கியிருக்கிறார் நம்ம பெரியவர். அவ்வளவுதான் கதை.

விமானம் போய்விட்டது. பெரியவரும் அந்த அம்மாவும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

காவலர்கள் மேல் தப்பு சொல்ல வரவில்லை. தோட்டாவைக் கண்டால் விட்டுவிட முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது எப்படிக் குற்றமோ, தோட்டா வைத்திருப்பதும் அப்படியே குற்றம். துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் என்றாலும்தான். 2019-ல் கொண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம். வழக்கு என்று பதிவானால் அதற்கப்புறம் பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும்.

ஆனால் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1972-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது: ஆயுதம் வைத்திருந்தான் என்றால், அது தன்னிடம் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பையின் மூலையில் கிடந்ததை 'வைத்திருந்தான்' என்று சொல்ல முடியாது. இதை வைத்து டெல்லி ஐகோர்ட்டு விமான நிலையத் தோட்டா வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ரத்து செய்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள்கூட அப்படித் தப்பியிருக்கிறார்கள்.

தப்பியது சரி. எப்போது? வக்கீல் வைத்து, வாய்தா வாங்கி, ஐகோர்ட்டு படி ஏறின பிறகு! குமாஸ்தா பென்ஷனில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

சரி, அந்தக் கதையை அங்கேயே வைப்போம். அதே விமான நிலையத்தில், அதே மாதத்தில் நான் பார்த்த இன்னொரு கூத்தையும் கேளுங்கள்.

துப்பாக்கியோடு ஒரு தம்பி

இருபது வயதுப் பையன். தென் மாவட்டம். வானத்தில் பறக்கிற களிமண் தட்டைச் சுட்டு நொறுக்கும் 'டிராப்' போட்டிக்காரன். டெல்லியில் போட்டி. கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. ஒளித்து வைத்தா கொண்டு வந்தான்? கிடையாது. நேராக டிக்கெட் கவுண்ட்டருக்குப் போனான். "மேடம், என்கிட்ட துப்பாக்கி இருக்கு" என்றான்.

அவ்வளவுதான்! பின்னால் நின்ற வரிசை அப்படியே மூன்று அடி பின்வாங்கியது. கவுண்ட்டரில் இருந்த பெண்ணுக்கு முகம் வெளுத்தது.

பையன் அமைதியாகக் காகிதங்களை எடுத்து அடுக்கினான். லைசென்ஸ், அதுவும் இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் லைசென்ஸ். ரைபிள் சங்கத்துக் கடிதம். போட்டி அழைப்பு. துப்பாக்கியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறான். தோட்டா தனிப் பெட்டியில்.

இதுதான் முறை. இதுவேதான் சட்டமும். துப்பாக்கியைப் பயணி உட்காரும் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. கவுண்ட்டரில் சொல்லி, லைசென்சைக் காட்டி, குண்டு இல்லை என்று சோதித்துக் காட்டி, பூட்டிய பெட்டியில் சரக்குப் பகுதியில் போட வேண்டும். பறக்கும்போது அந்தப் பெட்டியை யாராலும் தொட முடியாது. தோட்டாவுக்கு விமான உலகம் முழுவதும் ஒரே கணக்கு: ஆளுக்கு 5 கிலோ, அதுவும் சொந்த உபயோகத்துக்கு. இரண்டு பேர் பங்கை ஒரே பெட்டியில் சேர்த்துக் கட்டக்கூடாது.

அந்த 5 கிலோவில் டிராப் தோட்டா எத்தனை பிடிக்கும்? நூற்றுச் சொச்சம்தான். ஒரு தோட்டாவில் ஈயக்குண்டு மட்டுமே 24 கிராம். போட்டியின் தகுதிச் சுற்றில் 125 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு தடவை சுடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுப் போட்டிக்குப் பத்தாது. மீதியைப் போகிற ஊரில்தான் தேட வேண்டும். அதைப் பற்றி அந்தத் தம்பி ஒன்றும் புலம்பவில்லை. விதி என்றால் விதி என்கிறான்.

அவன் புலம்பியது வேறு. கவுண்ட்டர் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். செக்யூரிட்டி இன்னொரு ஆபீசுக்குப் போன் போட்டார். "இந்தக் கடிதம் போதாது" என்றார் ஒருவர். "போன தடவை இதே கடிதத்துலதான் சார் போனேன்" என்றான் பையன். "போன தடவை யாரு விட்டாங்களோ அவங்களைக் கேளு" என்றார் அவர்! ஒன்றரை மணி நேரம். எல்லாம் சரி என்று முத்திரை குத்தியபோது விமானத்தின் கதவை மூடிவிட்டார்கள். அடுத்த விமானத்துக்கு மறுபடியும் டிக்கெட் பணம். அப்பா ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பையன் போனில், "அப்பா, கொஞ்சம் பணம் போடுங்கப்பா" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

எந்த விமானக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான்.

மனு பாக்கருக்கே இந்தக் கதி

ஊர் பேர் தெரியாத பையன் என்பதால் இப்படி என்று நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரி 19-ந் தேதி. டெல்லி விமான நிலையம். காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கின மனு பாக்கர், பயிற்சிக்காக போபால் புறப்பட்டார். துப்பாக்கிக்கு உரிய அனுமதி கையில் இருந்தும், 10,200 ரூபாய் கட்டு என்று தன்னை ஏற விடவில்லை என அங்கிருந்தே உலகத்துக்குச் சொன்னார். விதிப்படிதான் நடந்தோம் என்றது விமானக் கம்பெனி. கடைசியில் விளையாட்டுத் துறை மந்திரி கிரண் ரிஜிஜு தலையிட்ட பிறகுதான் அந்தப் பெண் விமானம் ஏறினார். அதே மனு பாக்கர்தான் 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கி வந்தார். அப்போது மாலை போட எல்லோரும் முண்டியடித்தார்கள்!

2017 மே மாதம் நடந்ததும் இப்படித்தான். செக் நாட்டுப் போட்டி முடிந்து திரும்பிய நம் வீரர்கள், துப்பாக்கிகளுக்கு சுங்க இலாகா அனுமதி கிடைக்காமல் டெல்லி விமான நிலையத்தில் பல மணி நேரம் காத்துக் கிடந்தார்கள். ஒலிம்பிக் தங்கம் வாங்கின அபினவ் பிந்த்ராவே இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

மந்திரிக்கு எட்டுகிற குரல் மனு பாக்கருக்கு இருந்தது. ஹார்டுவேர் கடைக்காரர் மகன் யாரிடம் போய்ச் சொல்வான்?

துப்பாக்கி சுடுகிற விளையாட்டெல்லாம் ராஜா வீட்டுச் சமாச்சாரம், நமக்கென்ன என்று சில பேர் கேட்கலாம். புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்து பிருத்விராஜ் பாரீஸ் ஒலிம்பிக் வரை டிராப் போட்டிக்குப் போனார், வாஸ்தவம்தான். ஆனால் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ராஜா வீட்டுப் பெண்ணா? ஏர் ரைபிளோடு இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார். 2022-ல் நடிகர் அஜித் திருச்சியில் மாநிலப் போட்டிக்கு வந்தபோது கூடிய கூட்டத்தைத்தான் பார்த்தோமே. அதற்கப்புறம் பையன்கள் கிளப் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

வேட்டை வேறு. அது இந்த நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்து போன கதை. ஊட்டிக்கும் முதுமலைக்கும் துரைமார்கள் துப்பாக்கிப் பெட்டியோடு ரயிலேறிய காலம் திரும்பாது, திரும்பவும் வேண்டாம். இன்று சாதாரண ஆள் துப்பாக்கியோடு விமானம் ஏறுகிறான் என்றால் பெரும்பாலும் போட்டிக்குத்தான்.

பயம் நியாயமானதே

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

மீனம்பாக்கத்துக்கு அடிபட்ட அனுபவம் உண்டு. 1984 ஆகஸ்ட் 2-ந் தேதி இரவு. நான் பிறக்காத காலம்; அப்போது டியூட்டியில் இருந்த பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கொழும்பு விமானத்தில் ஏற்ற வந்த பெட்டிகளில் வெடிகுண்டு. விமான நிலையத்துக்குள்ளேயே வெடித்தது. 30 பேருக்கு மேல் பலி. மறு வருஷம், 1985 ஜூன் 23-ந் தேதி, கனிஷ்கா விமானம் அயர்லாந்து பக்கம் கடலுக்கு மேலே சிதறியது. 329 உயிர். பெட்டியைப் போட்டவன் ஏறவில்லை; பெட்டி மட்டும் ஏறியது.

நிஜத் துப்பாக்கிகூட வேண்டாம். 1971 ஜனவரியில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போன விமானத்தை லாகூருக்குக் கடத்தியவர்கள் கையில் இருந்தது பொய்த் துப்பாக்கியும் மரத்தால் செய்த கையெறி குண்டும். 1978 டிசம்பரில் லக்னோவிலிருந்து டெல்லி போன விமானத்தை வாரணாசிக்குத் திருப்பிய இருவரிடம் இருந்தது பொம்மைத் துப்பாக்கி. அந்த இருவரும் பிறகு உத்தரபிரதேசத்தில் எம்.எல்.ஏ. ஆனார்கள் என்பது தனிக் கூத்து! ஆகவே, குழந்தைக்கு வாங்கின பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையிலிருந்து எடுத்துப் போட்டால் காவலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

எனவே சோதனையைத் தளர்த்து என்று நான் சொல்லவில்லை. யாரிடம் எதைச் சோதிப்பது என்பதில்தான் கோளாறு.

அமெரிக்காவில் பாருங்கள்

அங்கே துப்பாக்கி நம்ம ஊர் குடை மாதிரி. மான் வேட்டைக் காலம் வந்தால் ரைபிள் பெட்டியோடு விமானம் ஏறுவார்கள். நடைமுறை சுலபம். குண்டை எடுத்துவிட வேண்டும். கெட்டியான பெட்டியில் பூட்ட வேண்டும். கவுண்ட்டரில் சொல்ல வேண்டும். சாவி பயணியிடம்தான். முடிந்தது வேலை.

இவ்வளவு சுலபமாக இருந்தும் 2023-ம் வருஷம் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் கைப்பைகளில் சிக்கிய துப்பாக்கிகள் 6,737! அதில் நூற்றுக்கு 93-ல் குண்டு நிரப்பியே இருந்தது. கேட்டால் பெரும்பாலான ஆட்கள் சொல்லும் பதில் "மறந்துட்டேன்". தோட்டாவை அல்ல ஐயா, முழுத் துப்பாக்கியை மறந்தார்களாம்! 2021 நவம்பரில் அட்லாண்டா விமான நிலையத்தில் அப்படி ஒரு பை சோதனையில் இருந்தபோது, பயணி பைக்குள் கையை விட, துப்பாக்கி வெடித்தது. கூட்டம் சிதறி ஓடியது.

ஒழுங்காக அறிவித்துக் கொண்டுபோனதிலும் விபரீதம் நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 6-ந் தேதி. அலாஸ்காவில் முறைப்படி அறிவித்துப் பெட்டியில் போட்ட கைத்துப்பாக்கியை ஒருவன் புளோரிடா மாநிலத்து விமான நிலையம் ஒன்றில் வாங்கினான். கழிவறைக்குப் போய் குண்டு நிரப்பினான். பெட்டி எடுக்கும் இடத்தில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான்.

இதிலிருந்து எனக்குப் பட்டது இதுதான். ஏறுகிற இடத்தில் மட்டும் ஆளை வறுத்தெடுப்பதில் பிரயோஜனம் இல்லை. இறங்குகிற இடத்தில் துப்பாக்கிப் பெட்டியை மற்ற மூட்டைகளோடு சுற்ற விடாமல், அடையாளம் பார்த்து, கையெழுத்து வாங்கி, ஆளிடம் நேரில் கொடுக்க வேண்டும். அது எல்லா ஊரிலும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

துப்பாக்கிக்கு ஒரு பாஸ்போர்ட்!

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வெகு காலமாயிற்று. 1991-ல் கொண்டு வந்த சட்டப்படி வேட்டைக்காரர்களுக்கும் சுடும் வீரர்களுக்கும் 'ஐரோப்பியத் துப்பாக்கி பாஸ்' கொடுக்கிறார்கள். ஆளுடைய விவரமும் துப்பாக்கியின் விவரமும் அதிலேயே இருக்கும். போட்டிக்கோ வேட்டைக்கோ போகிறேன் என்று அழைப்பையும் சேர்த்துக் காட்டினால் பெரும்பாலான நாடுகளில் வேலை முடிந்தது. தென் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிற வெளிநாட்டுக்காரன் ஒரு போலீஸ் படிவத்தைப் பூர்த்தி செய்து விமான நிலையத்தில் போலீஸ் முன்னால் கையெழுத்துப் போடுகிறான். அதற்கென்றே தனி கவுண்ட்டர்.

இங்கே என்ன நிலைமை? லைசென்ஸ் கலெக்டரிடமோ கமிஷனரிடமோ. கடிதம் ரைபிள் சங்கத்திடம். கட்டணம் விமானக் கம்பெனியிடம். சோதனை வேறொரு படையிடம். வெளிநாடு என்றால் சுங்க இலாகாவும் உண்டு. ஏர் ரைபிள்காரர்கள் பாடு இன்னும் வேடிக்கை. சக்தி குறைந்த ஏர் ரைபிளுக்கு லைசென்சே வேண்டாம் என்கிறது சட்டம். "லைசென்ஸ் எங்கே?" என்கிறது கவுண்ட்டர்! "வேண்டாம் என்று சட்டம் சொல்லுது சார்" என்று பதினாறு வயதுப் பெண் பிள்ளை அதிகாரிக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

போட்டிக்காரர்களுக்கு ஒரே ஒரு அட்டை கொடுங்கள். படம், துப்பாக்கி எண், எந்தெந்த மாநிலத்தில் செல்லும், எத்தனை தோட்டா, எல்லாம் அதில் இருக்கட்டும். போட்டிக்கு முதல் வாரமே விமானக் கம்பெனிக்குத் தகவல் போகட்டும். கவுண்ட்டரில் அட்டையை உரசினால் சரியா தப்பா என்று தெரிந்துவிட வேண்டும். ரேஷன் கடையில் நடக்கிற காரியம் விமான நிலையத்தில் நடக்காதா?

அடுத்தது அந்தப் பெரியவர் விஷயம். தோட்டா ஒன்றே ஒன்று, துப்பாக்கி இல்லை, பழைய குற்றம் இல்லை, தோட்டா யாருடையது என்று காட்ட லைசென்சும் இருக்கிறது. இப்படிப்பட்டவரை அன்றைக்கே விசாரித்து, தோட்டாவைப் பறிமுதல் செய்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதற்குத் தெளிவான உத்தரவு வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 1972-ல் சொன்னதை ஸ்டேஷன் ரைட்டர் மேஜை வரை கொண்டுவந்து சேர்க்க இத்தனை வருஷம் போதாதா?

விமான நிலைய வாசலில் லைட்டர், கத்தி, பவர் பேங்க் என்று படம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் தமிழில் கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதுங்கள்: 'இரவல் பையா? உள்ளே தடவிப் பாருங்கள்!'

இதற்கெல்லாம் முதல் குற்றவாளி யார் என்று கேட்டால், என்னுடைய கோபம் லைசென்ஸ்காரர் மேல்தான். தோட்டாவை எண்ணி வாங்குகிறார்கள், எண்ணி வைக்க மாட்டார்களா? வண்டிச் சாவி காணாமல் போனால் வீட்டையே புரட்டுகிறோம். தோட்டா ஒன்று குறைகிறது என்றால் தூக்கம் வரலாமா? மச்சானைப் போனில் பிடித்து இதைக் கேட்டேன். "பழைய பை தம்பி, எப்பவோ விழுந்திருக்கும்" என்றார். எப்பவோ! அந்த 'எப்பவோ'வுக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தது அவருடைய அக்காவும் அத்தானும்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தேன். விசாரணை இன்னும் முடியவில்லை. மும்பையில் பேரன் பிறந்துவிட்டானாம். பாட்டி மட்டும் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தாத்தா கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்று சொல்லியிருப்பதால் வெளியூர் கிளம்பப் பயப்படுகிறார். பை, வழக்குச் சொத்தாக ஸ்டேஷனில் இருக்கிறது. லேகிய டப்பாவை மட்டும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.